என் விரல் கேட்ட கேள்வி

நீதிபதி வெர்லின் டோஸ்ட்ரூட் செத்துப்போனதும் நீதிமன்ற ஆபீஸிலிருந்து எனக்கு போன் வந்தது. "இருபத்தொன்பது வருஷம் அவருக்கு முன்னாலேயே உக்காந்திருந்தீங்களே லவான், அவரப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். நேர்மையானவர், பொறுமைசாலி, மீன்பிடிப்பதில் பிரியமுள்ளவர், மனைவி ஆர்டிஸை இழந்தவர். நாலும் உண்மைதான். எந்தச் சவப்பெட்டிக்கு மேல் வேண்டுமானாலும் ஒட்டலாம். அதனால் மிச்சத்தை இங்கே எழுதி வைக்கிறேன். யாரும் திருத்த வேண்டாம்.

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து மெஷின் அடித்தவள். சாட்சிக்கும் நீதிபதிக்கும் நடுவில், முழங்காலுக்கு மேலே ஒரு குட்டி மெஷினை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாளே, அவளேதான். யார் எதைச் சொன்னாலும் அப்படியே பதிய வேண்டும். நல்லதா கெட்டதா, மெய்யா பொய்யா என்று பார்ப்பது என் வேலை இல்லை. எங்கள் நீதிமன்றத்தில் என் பதிவில் இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை. அந்தத் திமிரோடுதான் நான் முப்பது வருஷத்தை ஓட்டினேன்.

டோஸ்ட்ரூட் நீதிபதி ஆவதற்கு முன் பீட்ரூட் வயல்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் வக்கீல். நிலத் தகராறு, உயில், வேலி விவகாரம். அவரை மத்திய நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போட நினைத்துத் தலைநகரிலிருந்து போன் வந்த அன்று, அவர் உறைந்த ஏரிக்கு நடுவே குடிசைக்குள் உட்கார்ந்து பனியில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். போனை எடுத்தது ஆர்டிஸ். "அவரு ஏரியில இருக்காரு. அஞ்சு மணிக்கு வருவாரு. அப்பப் பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். பண்ணினார்கள்.

அதன் பிறகு அவர் நியமனத்துக்கு மேல்சபை ஓட்டுப் போட்டு முடிக்கப் பதினாலு மாசம். 'ஆள் பெரிய இடத்துக்குப் போய்விட்டார்' என்று நினைத்து, அவரிடம் வழக்கு வைத்திருந்த கட்சிக்காரர்கள் எல்லோரும் வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வேலையில்லாமல் டோஸ்ட்ரூட் தன் வீட்டுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தார். பதவி ஏற்ற அன்று ஆர்டிஸ் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஆயுசுக்கும் வேலையாமே, யாரும் தூக்க முடியாதாமே. கோர்ட்ட விட்டுத்தான் தூக்க முடியாது. வீட்ட விட்டுத் தூக்கலாம், ஞாபகம் வெச்சுக்கோங்க." டோஸ்ட்ரூட், "சரி" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

அவரைப் பற்றிக் கதையாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடம். பன்னிரண்டு அடித்தால் சாசேஜ் வைத்த ரொட்டி. ஆறு மாசத்துக்கு மேல் எந்த மனுவாவது தேங்கிக் கிடந்தால் அந்த நீதிபதியின் பேரோடு பட்டியல் போடுவார்கள்; மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் மற்ற நீதிபதிகளின் அறையில் விளக்கு அணையாது. இவர் பேர் ஒரு தடவைகூட அதில் வந்ததில்லை. புதிதாகக் குடியுரிமை வாங்குகிறவர்களுக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுக்கிற நாளில் மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வரும். எல்லோருக்கும் கைகுலுக்குவார். கை வலிக்கிறது என்று அடுத்த நாள் கையெழுத்தைச் சின்னதாகப் போடுவார்.

ஒன்றே ஒன்றுதான் விசேஷம். தண்டனை சொல்வதற்கு முன்னால் குற்றவாளியைப் பார்த்து, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சட்டம். எல்லா நீதிபதிகளும் கேட்பார்கள். பஸ் கண்டக்டர் "டிக்கெட்?" என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். டோஸ்ட்ரூட் அப்படி இல்லை. பேனாவை மூடி வைப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். "தண்டனையச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சொல்லணுமா? அவசரம் இல்ல. நேரம் இருக்கு" என்பார். சொல்லிவிட்டுக் காத்திருப்பார். நிஜமாகவே காத்திருப்பார், பாவி மனுஷன்.

அந்த நேரத்தில் என்னென்ன கேட்டிருக்கிறேன் தெரியுமா! ஒருத்தன் தன் நாயைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினான். ஒருத்தன் பாட ஆரம்பித்தான். '(பாடுகிறார்)' என்று அடித்துவிட்டு விரலை மடக்கிக்கொண்டேன். ஒருத்தன் போலீஸ் பிடுங்கிக்கொண்ட தன் வண்டியைத் திருப்பிக் கேட்டான். இன்னொருத்தன் நீதிபதியின் டையைப் பார்த்து, "இத மாட்டிக்கிட்டு நீ எனக்குத் தண்டன குடுக்கறியா?" என்றான். "என் மனைவி வாங்கிக் குடுத்தது. சொல்றேன் அவங்ககிட்ட" என்றார் டோஸ்ட்ரூட். ஒரு பெண் பதினோரு நிமிஷம் அழுதாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதான்" என்றாள். "நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை மாட்டினார்.

ஒரு நாள் காபி குடிக்கும்போது கேட்டே விட்டேன். "ஏன் ஜட்ஜய்யா இப்படி உக்காந்திருக்கீங்க? மத்தவங்க எல்லாம் இருபது செகண்டுல முடிச்சிடறாங்களே?"

"சட்டத்துல கேக்கச் சொல்லியிருக்கு."

"அவங்களுக்கும் அதே சட்டம்தானே?"

"அவங்க வேகமாப் படிப்பாங்கபோல" என்றார்.

இப்போது என் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் எழுத்து எழுத்தாக அடிப்பதில்லை. பல விசைகளை ஒருசேர அழுத்தினால் ஒரு சொல் விழும். அடிக்கடி வருகிற வாக்கியத்துக்கு நாமே ஒரு சுருக்கம் வைத்துக்கொள்ளலாம். ஒரே அழுத்தல், முழு வாக்கியமும் வந்துவிடும். டோஸ்ட்ரூடின் கேள்விக்கு நான் அப்படி ஒன்று வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினால் போதும், என் பத்து விரலும் இறங்கிவிடும். அவர் வாயைத் திறப்பதற்குள் கேள்வி பதிவில் உட்கார்ந்திருக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு. மாநாட்டில் மற்ற சுருக்கெழுத்துக்காரிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய இருபத்து நாலாவது வருஷம், ஜனவரி மாசம், கர்ட்டிஸ் ப்ரெக்கே என்கிறவனுடைய வழக்கு வந்தது. பீட்ரூட் அறுவடைக்கு லாரி ஓட்டுகிறவன். ஒரு அக்டோபர் சாயங்காலம் வேலை முடிந்து குடித்துவிட்டுத் தன் சொந்த வண்டியை எடுத்திருக்கிறான். ரோட்டோரத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்த லியோ விவியர் என்பவர் மேல் ஏற்றிவிட்டான். லியோ செத்துப்போனார். நடந்தது பழங்குடியினரின் நிலத்தில், லியோவும் அந்த மக்களில் ஒருவர். அதனால் மாநில நீதிமன்றத்துக்குப் போகாமல், மத்திய நீதிமன்றமான எங்களிடம் வந்தது. ப்ரெக்கே குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை மட்டும்தான் பாக்கி.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு, கைதிகளைக் கொண்டுவருகிற மார்ஷல் ராய்ஸ், நீதிபதியின் அறைக்குள் வந்தான். நானும் அங்கே இருந்தேன்.

"ஜட்ஜய்யா, பனிப்புயல் முன்னாடியே வருதாம். பன்னெண்டு மணிக்கு ஹைவேய மூடறாங்க."

"லியோவோட அம்மா வந்திருக்காங்களா?"

"வந்திருக்காங்க. பிலோமின் விவியர். எழுபத்து மூணு வயசு. தானே ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க, ஓட்டக் காரு. திரும்பிப் போக நூத்திப் பத்து மைலு."

டோஸ்ட்ரூட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு அல்லாமல் வேறு எதற்காகவும் அவர் அதைப் பார்த்து நான் கண்டதில்லை. "அப்போ சீக்கிரம் முடிச்சு அவங்கள அனுப்பிடணும்" என்றார்.

கோர்ட் ஆரம்பித்தது. பிலோமின் முதல் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். அரசு வக்கீல் குனிந்து குனிந்து சொல்ல வேண்டியிருந்தது. "உங்க மகனப் பத்திக் கோர்ட்டுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று நீதிபதி கேட்டார். பிலோமின் எழுந்து நின்றார். "எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. அவன் என்ன சொல்லப்போறான்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் அடித்தேன்.

ப்ரெக்கேயின் வக்கீல் பத்து நிமிஷம் பேசினார். அவர் பேசி முடிக்கவும் ஜன்னல் முழுக்க வெள்ளையாகப் போகவும் சரியாக இருந்தது. அத்தனை பேரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தோம். டோஸ்ட்ரூட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், தண்டனையைச் சொன்னார். ஆறு வருஷம். பதினொன்றே காலுக்கு எல்லாம் முடிந்தது. மூடுவதற்குள் ஹைவேயில் ஏறிவிட்ட பிலோமின் ஊர் போய்ச் சேர்ந்தார் என்று மூணு மணிக்கு ராய்ஸ் வந்து சொன்னான். டோஸ்ட்ரூட், "சரி" என்று சொல்லி, அதுவரை தொடாத ரொட்டியைப் பிரித்தார்.

ப்ரெக்கேயின் வக்கீல் வழக்கம்போல் மேல்முறையீடு போட்டு வைத்தார். அதற்காக அன்றைய பதிவை நான் சுத்தமாகத் தட்டித் தர வேண்டும். ஐந்து வாரம் கழித்து உட்கார்ந்தேன். நீதிபதியின் கேள்வி இருந்தது. அதற்குக் கீழே பதில் இல்லை, நேராகத் தண்டனை. கேள்விக்குப் பதில் வராவிட்டால் அடைப்புக்குறிக்குள் அதைக் குறிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. நானும் விதிப்படி '(பதில் இல்லை)' என்று போட்டேன். கையெழுத்துப் போட்டு, உண்மையான பதிவு என்று சான்று கொடுத்து அனுப்பினேன். 'கல்நெஞ்சக்காரன்' என்று மனசுக்குள் அவனைத் திட்டவும் செய்தேன்.

எங்கள் ஊர்ப் பேப்பர்காரன் புயலுக்குப் பயந்து அன்றைக்கு வரவில்லை. பதிவைப் பார்த்துத்தான் எழுதினான். 'நீதிபதி கேட்டும் ப்ரெக்கே வாய் திறக்கவில்லை' என்று போட்டான். என் பதிவில் இருந்ததைத்தான் போட்டான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

ஏப்ரலில் சிறையிலிருந்து நீதிபதிக்கு ஒரு கடிதம் வந்தது. பென்சிலால் எழுதியது. சிறையிலிருந்து வருகிற கடிதத்தை எல்லாம் டோஸ்ட்ரூட் தானே படிப்பார். 'ஐயா, ஆறு வருஷம் எனக்குச் சரிதான், அதற்காக எழுதவில்லை. நீங்கள் என்னைக் கேட்டதாகவும் நான் பேசாமல் நின்றதாகவும் பேப்பரில் வந்திருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா அந்தப் பேப்பரைப் படித்திருப்பார்கள்.' அவ்வளவுதான் கடிதம். இரண்டு பக்கத்து வக்கீல்களுக்கும் நகல் அனுப்பச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"லவான், நான் அன்னிக்கு இவனக் கேட்டேனா?"

"பதிவுல இருக்கே, ஜட்ஜய்யா."

"பதிவுல இருக்கறது தெரியும். நான் கேட்டேனான்னு கேக்கறேன்."

"இருபத்து நாலு வருஷமா கேக்கறீங்க!"

"அன்னிக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஜெயில்ல இருக்கறவன் ஆயிரம் சொல்லுவான். நான் இல்லாத வார்த்தைய எழுதற ஆளா? இத்தன வருஷத்துல ஒருத்தன் என் பதிவுல ஒரு புள்ளி தப்புன்னு சொன்னதுண்டா?"

"இல்ல" என்றார். பிறகு "சரி" என்றார். அந்தச் 'சரி' என் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

என் மெஷின் சத்தத்தையும் பதிவு செய்யும். சந்தேகம் வந்தால் சரிபார்த்துக்கொள்ள எனக்கென்று வைத்துக்கொண்டது. நீதிமன்றத்துக்குச் சொந்தமில்லை, யாரும் கேட்க முடியாது. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை அழித்துவிடுவேன். அந்தத் தடவை சோம்பேறித்தனத்தால் அழிக்கவில்லை. அன்று மத்தியானமே என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அந்த மனுஷன் மூஞ்சியில் எறிய வேண்டும் என்றுதான் போட்டுக் கேட்டேன்.

வக்கீல் பேசி முடிக்கிறார். காற்று ஜன்னலை அறைகிறது. டோஸ்ட்ரூட் தொண்டையைச் செருமுகிறார். பிறகு 'தப்' என்று ஒரு சின்னச் சத்தம். அது என் மெஷின். பத்து விரலும் ஒருசேர இறங்கின சத்தம். அப்புறம் ஒரு காகிதம் பிரிகிற சத்தம். அப்புறம், "திரு. ப்ரெக்கே, உங்களுக்கு ஆறு வருஷம்..."

நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினதைப் பார்த்து நான்தான் கேட்டிருக்கிறேன்.

பயமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயசு, சான்றிதழைப் பிடுங்கிவிட்டால் நான் எங்கே போவேன்? ஒரு பட்டனை அழுத்தினால் அந்தச் சத்தம் போய்விடும். அதற்குப் பிறகு உலகத்தில் ப்ரெக்கேயைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, அவனை யார் நம்பப் போகிறார்கள்? என்னை நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. ஒரு மணி நேரம் முழுசாக அழிக்கலாமா என்றுதான் உட்கார்ந்திருந்தேன். டப்பாவில் இருந்த எலுமிச்சை கேக்குத் துண்டுகள் அத்தனையும் தின்று தீர்த்தேன். அந்தக் காகிதச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. பேசுவதற்காகப் பிரித்த காகிதம். அதைப் பிரித்துக்கொண்டு நின்ற ஒருத்தன் வாயில், பேச மாட்டேன் என்று நான் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் அந்தச் சத்தப் பதிவை நீதிபதியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். டோஸ்ட்ரூட் இரண்டு தடவை கேட்டார்.

"இது யார்கிட்ட எல்லாம் இருக்கு?"

"என்கிட்ட மட்டும்தான்."

"அழிச்சிருக்கலாமே."

"யோசிச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"நானா இருந்தா ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும்" என்றார். "அந்தம்மா பத்திரமாப் போகணும்னு அவசரப்பட்டேன். அவங்க எதுக்கு வந்தாங்களோ அத விட்டுட்டு அவங்கள அனுப்பிட்டேன்." அவர் குரல் உடைந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், மெஷின் அப்போது என்னிடம் இல்லை. பிறகு பேனாவைத் திறந்தார். "கேக்காம விட்டது நான். கேட்டதா எழுதினது நீங்க. யார் தப்ப மொதல்ல எழுதலாம்?"

"உங்க தப்ப."

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

ஒரே பக்கம் எழுதினார். புயலைச் சாக்குச் சொல்லவில்லை, புயல் என்ற வார்த்தையே அதில் இல்லை. அதோடு என் திருத்திய பதிவும், அந்தச் சத்தமும், நான் என்ன செய்தேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த கடிதமும் மேல் நீதிமன்றத்துக்குப் போயின. பேப்பர்காரன் இந்தத் தடவை முதல் பக்கத்தில் போட்டான். எனக்கு எழுத்து மூலம் ஒரு கண்டனம் வந்தது, வேலை போகவில்லை. சர்ச்சில் காபி ஊற்றுகிறவள்கூட என் கோப்பையை நிரப்பும்போது என் விரலைப் பார்த்தாள். ராய்ஸுக்கோ கொண்டாட்டம். "லவானக்கா, நான் இன்னிக்கு உங்களுக்கு குட்மார்னிங் சொன்னேனா, இல்ல நீங்களே அடிச்சுக்கிட்டீங்களா?" என்று தினம் கேட்பான். "போடா எருமை" என்பேன். ஆனால் வலித்தது. அந்தச் சுருக்கத்தை மெஷினிலிருந்து அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

மேல் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து, மறுபடி விசாரித்துச் சொல்லும்படி எங்களிடமே திருப்பி அனுப்பியது. செப்டம்பரில் நாள் குறித்தார்கள். நல்ல வெயில். பிலோமின் அதே கைப்பையோடு அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். காது கேட்காதவர்களுக்கென்று நீதிமன்றத்தில் ஒரு ஹெட்போன் உண்டு. அதைக் கொடுக்கச் சொல்லி டோஸ்ட்ரூட் முதல் நாளே உத்தரவு போட்டிருந்தார். பிலோமின் தலையில் கட்டியிருந்த துணிக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டார்.

"போன ஜனவரியில நான் கேக்க வேண்டிய கேள்விய கேக்காம விட்டுட்டேன். அது என் தப்பு. இப்பக் கேக்கறேன்" என்றார் டோஸ்ட்ரூட். பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். என் விரல் துடித்தது, அடக்கிக்கொண்டேன். "தண்டனையச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சொல்லணுமா? அவசரம் இல்ல. நேரம் இருக்கு." ஒவ்வொரு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் அடித்தேன்.

ப்ரெக்கே எழுந்தான். கையில் அதே காகிதம், மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. "ஜட்ஜய்யா, அந்தம்மா பக்கம் திரும்பிப் பேசலாமா?"

கைதி அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. ராய்ஸ் ஒரு அடி முன்னால் வந்தான்.

"திரும்புங்க. ஆனா சத்தமாப் பேசணும். லவானுக்கும் கேக்கணும்" என்றார் டோஸ்ட்ரூட்.

ப்ரெக்கே திரும்பினான். காகிதத்தைப் பார்த்தான், பிறகு மடித்துவிட்டான். "அம்மா, இத எழுதிக் குடுத்துடலாம்னு வக்கீல் சொன்னாரு. நேர்லதான் சொல்லணும்னு நான் ஒத்துக்கல. உங்க மகன் தனியா சாகல. ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினேன், அது வர்றதுக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. நான் ரோட்டுல அவரு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். என் கோட்டப் போத்திவிட்டேன். கொஞ்ச நேரம் நல்லாப் பேசினாரு. என்னைத் திட்டவே இல்ல. 'எங்கம்மா சூப்பு வெச்சிட்டுக் காத்திருப்பாங்க. நான் போகாம சாப்பிட மாட்டாங்க. ஒரு போன் பண்ணி அவங்களச் சாப்பிடச் சொல்லு'ன்னாரு. நம்பரும் சொன்னாரு. நான் பண்ணல. குடிச்சிருந்தேன், பயந்துட்டேன். அந்த நம்பரு இன்னும் மறக்கல எனக்கு."

நம்பரைச் சொன்னான். ஒவ்வொரு எண்ணாக நான் அடித்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பிலோமின் தலையை ஆட்டினார்.

பெஞ்சில் இருப்பவர்கள் இடையில் பேசக் கூடாது. பேசினால் நீதிபதி நிறுத்த வேண்டும். பிலோமின் உட்கார்ந்தபடியே, காது கேட்காதவர்கள் பேசுகிற பெரிய குரலில், "ஒம்போது மணி வரைக்கும் காத்திருந்தேன்" என்றார்.

"அப்புறம் சாப்பிட்டீங்களாம்மா?" என்றான் ப்ரெக்கே.

"இல்ல."

டோஸ்ட்ரூட் நிறுத்தவில்லை. நான் அவரைப் பார்த்தேன். "அதையும் எழுதுங்க" என்றார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்து முடிந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. அவர் கண்ணாடியை மாட்டாமல் காத்திருந்தார். ப்ரெக்கே, "அவ்வளவுதான் ஐயா" என்று சொன்ன பிறகுதான் மாட்டினார். தண்டனையைச் சொன்னார். அதே ஆறு வருஷம்தான், ஒரு நாள் குறையவில்லை. "நன்றி" என்றான் ப்ரெக்கே. நானும் அதை அடித்தேன்.

டோஸ்ட்ரூட் அதற்குப் பிறகு இன்னும் ஐந்து வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். தன் கேள்வியை ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டார். மனப்பாடமாகத் தெரிந்ததை ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்தே படித்தார். வக்கீல்கள் சிரித்துக்கொண்டார்கள், நான் சிரிக்கவில்லை.

அந்தச் செப்டம்பர் நாளில் எல்லோரும் கலைந்த பிறகு நான் மெஷினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். யாரோ நிற்பது மாதிரி இருந்தது. நிமிர்ந்தால் பிலோமின்.

"நீங்கதானே அந்தத் தப்பா எழுதின பொண்ணு?"

"ஆமாம்மா."

"அவன் இன்னிக்குச் சொன்னது எனக்கு வேணும். பேப்பர்ல."

தட்டிச் சரிபார்த்துத் தபாலில் அனுப்ப ஒரு வாரமாவது ஆகும் என்று சொல்வதுதான் வழக்கம். சொல்லவில்லை. அவரை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. சத்தத்தைப் போட்டு, ஒவ்வொரு சொல்லாக ஒத்துப்பார்த்து, ஒன்றரைப் பக்கம் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே, வரிக்குக் கீழே விரலை வைத்துப் படித்தார். லியோ சொன்ன இடத்தில் விரல் ரொம்ப நேரம் நின்றது. பிறகு கடைசி வரிகளுக்கு வந்தது. 'திருமதி விவியர்: ஒன்பது மணி வரைக்கும் காத்திருந்தேன்' என்று அதில் இருந்தது.

"சரியா இருக்கு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நூற்றுப் பத்து மைல் ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்.